முந்தானையில் முடிந்த கிலுகிலுப்பை

என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த சனிக்கிழமை காலையில், நான் கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் முள்ளுக்குள் குனிந்து நின்றேன். கிலுகிலுப்பைக் காய் முற்றிவிட்டால் நமக்காகக் காத்திருக்காது. வெயில் ஏறியதும் வெடித்து விதையைச் சிதறிவிடும். என் தாவரவியல் ஆராய்ச்சியே அந்த விதைகளை நம்பித்தான் இருந்தது.

சரளை மண்ணில் தண்ணீர் கேட்காமல் நிற்கிற காட்டுச்செடி அது. பூ, அகத்திப் பூவைச் சிறிதாக்கி மஞ்சள் பூசியதுபோல இருக்கும். காய் உப்பிய சின்ன பலூன். முற்றியதும் விதைகள் உள்ளே கழன்றுகொள்ளும்; ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும். பச்சைக் காய் வாயே திறக்காது.

வீட்டில் எங்கே வைத்தாலும் அம்மா குப்பையில் கொட்டிவிடுவாள். அதனால் காய்களை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் காபித் தட்டோடு நடந்தால் அடிக்கு அடி சத்தம்.

"கொலுசாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்ல ஆன்ட்டி, காட்டுச்செடிக் காய்" என்று அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "மாடு தின்னா ஈரல் கெட்டுரும்" என்றேன். காயோடு சேர்த்து, மறுகையில் இருந்த முறுக்கையும் கீழே வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"இம்புட்டுப் படிச்ச பிள்ள காடு மேடெல்லாம் அலையலாமா? கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் விட்ரணும்" என்றார்.

மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருக்கும் அப்பா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "விட்ருவா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோபம் தலைக்கேறியது.

"விட மாட்டேம்ப்பா" என்றேன்.

"வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அதன்பிறகு அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்து அம்மா பேசினாள்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் அப்பா, அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, என்னை ஸ்கூட்டரில் உட்காரச் சொன்னார். எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. வண்டி கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் போய் நின்றது. அப்பா தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு முள்ளுக்குள் நுழைந்தார். ஒரு கிலுகிலுப்பைக் கிளையை வளைத்து, காதருகே மெல்ல ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"இது இன்னும் முத்தலம்மா" என்றார், செடியைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த வாரமும் வரணும்."