நாலாம் கட்டிலில் ஒரு துண்டு

டயாலிசிஸும் ஓர் உத்தியோகம்தான்: வாரம் இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ராஜினாமா செய்தவர்கள் யாரும் திரும்பிவந்து அனுபவம் எழுதியதில்லை. இதே வேலையில் இருக்கும் உங்களுக்காக, ராஜினாமாவின் வாசல்வரை போனவள் எழுதுகிறேன்.

எடை

கோவையில் இருந்துகொண்டு சிறுவாணித் தண்ணீரை அளந்து குடிப்பது கொடுமை. கெட்ட கிட்னி வெளியேற்றாத தண்ணீர் உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும் என்பதால், எனக்கு நாளுக்கு மூன்று டம்ளர்தான். ஒரு திங்கட்கிழமை எடை பார்த்தபோது மூன்றரை கிலோ கூடியிருந்தது. "இட்லி கொஞ்சம் அதிகமாகிவிட்டது" என்றேன். நர்ஸ் ஸ்டெல்லா எடை மிஷினின் முள்ளைப் பார்த்தாள். வீங்கிய என் காலைப் பார்த்தாள்.

"அது மிஷினுங்கம்மா, அதுகிட்டப் போயி காலேஜ் படிச்ச பொய்யெல்லாம் சொல்லாதீங்க."

கைக்குள் தறி

மூன்றாம் கட்டில் ரங்கசாமி, சூலூரில் விசைத்தறி ஓட்டுபவர். நாலாம் கட்டில் நான். ஊசி குத்த வசதியாக எங்கள் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். அது நின்றுவிடக் கூடாது என்பதால் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அது தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டின் புலம்பலாகப் பட்டது. ரங்கசாமி கையைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்ற தறி கரண்டு போனா நின்னுக்கும், இது நிக்கறதே இல்லீங்கக்கா!"

ஆறுதல்

அந்தக் கோடையில் எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு மண்ணாக இருந்தது. பிடித்த கவிதையில்கூட இரண்டு வரி தாண்ட முடியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். கிட்னி கெட்டால் அப்படித்தான் என்று ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். நான் தொடக் கூடாத சாத்துக்குடியோடு நாத்தனார் பார்க்க வந்தாள்.

"உங்களுக்கென்னுங்க நங்கை, மெத்தையில படுத்திருக்கறதுதானே வேலை!"

துண்டு

அடுத்த திங்கட்கிழமை நான் போகவில்லை. போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். மகன் கெஞ்சினான், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை, படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரங்கசாமி. தோளில் எப்போதும் கிடக்கும் துண்டைக் காணோம். என் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். "அவராவது பிழைக்கட்டும், விடுங்கள்" என்றேன். அவர் முகம் சிவந்தது.

"பஸ்ஸுல எடம் புடிக்கற மாதிரி உங்க கட்டலு மேல என்ற துண்டைப் போட்டுட்டு வந்திருக்கறேன். நீங்க வந்து அதை எடுக்கற வரைக்கும் நானும் ஊசி குத்திக்க மாட்டேனுங்க. ஏறுங்க வண்டியில!"

இன்னொரு சீட்டு

சிவப்புக் கரை போட்ட அந்தத் துண்டு நாலாம் கட்டிலில் விரிந்து கிடந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் காவல் நின்றாள். துண்டை எடுத்து ரங்கசாமியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். டாக்டர் வந்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "கிட்னி மட்டும் இல்லை டாக்டர், மனசும் படுத்துவிட்டது. அதற்கும் வைத்தியம் வேண்டும்." அவர் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார். கிழிக்கும் சத்தம் அடங்குமுன் மூன்றாம் கட்டிலில் இருந்து, எப்போதும் சிரிக்கிற அந்தக் குரல், சிரிப்பில்லாமல் வந்தது.

"எனக்கும் ஒண்ணு எழுதுங்க டாக்டரு."

இப்போது நாங்கள் இருவரும் மனநல மருத்துவரிடமும் போய்வருகிறோம். முதலில் போகிறவர் பெஞ்சில் அடுத்தவருக்குத் துண்டு போட்டு வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் உத்தியோக விதி.