வாசல் குழாய்க்குள் போன பாம்பு

வாசற்படிக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. மதியம் மூன்று மணி, மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் தரையோடு போட்ட மெத்தையில் என் வீட்டுக்காரர் கிடந்தார். பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கட்டிலில் படுக்க வைத்தால் உருண்டு விழுகிறார் என்று நான்தான் கீழே இறக்கியிருந்தேன். தொண்ணூறு கிலோ ஆள். தண்ணீர் உள்ளே வந்தால் அவரைத் தூக்க என் ஒருத்தியால் ஆகாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பினாங்கிலிருந்து மகள் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். அவள் வரும்வரை தண்ணீர் காத்திருக்காது.

தண்ணீர் ஏன் வடியவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

திகாம் பத்துவில் எங்கள் தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள். எல்லா வீட்டுக்கும் முன்னால் மழைத் தண்ணீர் ஓட ஒரு லோங்காங் உண்டு. கார் உள்ளே வருவதற்காக அதன்மேல் சிமெண்டு போட்டு, அடியில் குழாய் பதித்திருப்பார்கள். சொட்டு மழை இல்லாத மாசி மாதத்தில், சிவராத்திரி அன்று காலை, அந்தக் குழாய்க்குள் ஒரு நாகம் போனதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார். இவர் விடவில்லை. அன்றைக்கு இவருக்கு விரதம்.

"சிவராத்திரி அன்னைக்கு நம்ம வாசலைத் தேடி வந்திருக்கு. அது பாட்டுக்குப் போயிரும் லா. யாரும் கைவைக்காதீங்க" என்றார்.

பெரிய மனுஷர், சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நானும் செர்டாங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவள்தான். செம்பனை மட்டைக்கு அடியில் பாம்பைப் பார்த்தே வளர்ந்தவள். பார்த்துப் பழகினால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. குழாயின் ஒரு வாய், இவர் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். விடிவதற்கு முன்பே லோரி எடுக்கப் போகிற மனிதர், இருட்டில் காலை எங்கே வைப்பாரோ என்பதுதான் என் கவலை. மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் ஒரு உரச்சாக்கைச் சுருட்டி, துணி காயப்போடும் கம்பால் அந்த வாய்க்குள் ஆழமாகத் தள்ளினேன். என் செம்பருத்திச் செடி பக்கம் இருக்கும் மறுவாய் திறந்துதானே இருக்கிறது, அப்படியே போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பங்குனியில் இவர் விழுந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடாததால் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேனே தவிர நம்பவில்லை. தஞ்சம் என்று வந்ததன் வழியை அடைத்த குற்றம் இது என்றுதான் தோன்றியது. கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை பால் ஊற்றினேன். ஆனால் சாக்கை எடுக்க மட்டும் துணிச்சல் வரவில்லை. எடுத்தால் பின்னால் என்ன இருக்குமோ என்ற பயம்.

இப்போது தண்ணீர் வாசலுக்கே வந்துவிட்டது, இனி பயந்தால் ஆகாது. மோட்டார் சைக்கிள் பக்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையைத் தோள்வரை விட்டு, துழாவிப் பிடித்து இழுத்தேன். சாக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடுகுடுவென்று உள்ளே போனது. சாமி காப்பாற்றிவிட்டது என்று நினைப்பதற்குள் மறுபடியும் நின்றுவிட்டது.

எனக்குப் புரியவில்லை. செம்பருத்திப் பக்கம் ஓடினேன். அந்தப் பக்கத்து லோங்காங்கில் கணுக்கால் தண்ணீர்தான். குழாயிலிருந்து நூலாகக் கசிந்தது. கம்பை உள்ளே விட்டேன். ஏதோ மெத்தென்று இடித்தது. அதுதான், உள்ளேயே செத்து ஊதிக் கிடக்கிறது என்று நினைத்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. கூடத்தில் கிடக்கும் மனிதரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டேன். விரலில் துணி பட்டது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். தண்ணீர் வெடித்துக் கிளம்பி என்னைப் புரட்டித் தள்ளியது. சேறும் சருகும் என் மேலேயே ஓடின. கண்ணைத் திறந்தபோது தண்ணீர் பெரிய லோங்காங்கைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தது. வாசலிலும் வடியத் தொடங்கிவிட்டது.

கையில் இருந்தது இவருடைய பச்சைக் கட்டம் போட்ட கைலி. இரண்டு மாதமாகக் காணோம் என்று நான் வீடு முழுக்கத் தேடியது. விடிகாலையில் பூப்பறிக்க நான் போய் நிற்கும் இடத்துக்கு நேர்கீழே அதை உருட்டித் திணித்திருக்கிறார். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கைவைக்காதீங்க என்று சொன்ன அதே மனுஷர். எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது: பாம்புக்கு மறுவாய் என்று ஒன்று இருக்கவேயில்லை.

அந்த நினைப்பிலேயே கைலியோடு உள்ளே போய்விட்டேன். இவர் அதைப் பார்த்தார். நல்ல கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. வாய் கோணி, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"பா…ம்பு?"

ஒரு மாதமாக இவரும் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். என்னைப் போலவே.

"அது அப்பவே போயிருச்சுங்க. மோட்டார் நிக்கிற பக்கமா வெளிய வந்து போனதை என் கண்ணால பார்த்தேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையை விட்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து பகலில் இவர் கண் அசந்ததே இல்லை.

நான் சத்தம் போடாமல் வெளியே போய், மகள் வருவதற்குள் அந்த உரச்சாக்கைக் குப்பைத் தொட்டிக்குள் அமுக்கினேன். இப்போது இவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். வாசலுக்கு வந்தால் மோட்டார் நிற்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். சாக்கு விஷயம் இன்றுவரை அவருக்குத் தெரியாது.