தக்காளிக்காய்ப் பத்தியம்

எலிகள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஆனால் எந்த ஊர் ஆய்வகத்திலோ நாலு எலிக்குத் தொடை தேறியது என்பதற்காக என் வீட்டில் முட்டையை நிறுத்தினார்கள் பாருங்கள், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. யார்டில் பெட்டிகளை இணைக்கிறவர். சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வயிற்றில் ஆபரேஷன் ஆகி வெகுநாள் படுக்கையில் கிடந்ததில் ஆள் உருகிப்போனார். தொடையில் சதையே இல்லை. லுங்கி இடுப்பில் நிற்காது. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். தசை கரைகிறது, முட்டை, பயறு, கறி, எது இறங்குமோ கொடுங்கள், பிடித்துக்கொண்டாவது தினமும் எழுந்து நிற்கட்டும், விட்டால் அப்புறம் நிற்கவே முடியாது என்றார்.

முட்டைக்கு எங்கள் பக்கம் பஞ்சமா? நாமக்கல் முட்டை லாரி கேரளா வரைக்கும் போகிறது. அவித்து, மிளகுத்தூள் போட்டு, பிட்டுப் பிட்டு ஊட்டினேன். ஒரு நாள் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்த வாரமே ராசிபுரத்திலிருந்து நங்கையா வந்தார். நங்கையா என்றால் கணவரின் அக்கா. கையில் ஒரு பை நிறையத் தக்காளிக்காய். போனில் யாரோ ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். தக்காளிக்காயிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒரு பொருள் எலிகளுக்குத் தசை கரைவதைத் தடுத்ததாம். நான் முழுசாகப் படித்தேன். மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை என்று கடைசி வரியில் இருந்தது. அதைக் காட்டினேன்.

"எலிக்கே கேக்குதுன்னா மனுசனுக்குக் கேக்காதா அம்மிணி?"

"எலி காயத் திங்கலைங்க. அதுல இருந்து பிரிச்சு எடுத்த மருந்துங்க அது."

"பாரு, நீயே மருந்துங்கற. மருந்துன்னா பத்தியம் வேண்டாமா?"

காயோ வேரோ இலையோ, மருந்து என்று பேர் வந்துவிட்டால் போதும், எங்கள் ஆட்களுக்கு அடுத்த மூச்சில் பத்தியம் வந்துவிடும். முட்டை கூடாது, கறி கூடாது, புளி கூடாது, உடம்பு அலுங்கக் கூடாது. அந்தச் செய்தியில் பத்தியத்தைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. சொன்னால் யார் கேட்டார்கள்?

"அக்கா சொல்றதும் நாயந்தானே புள்ள. முட்டையும் ஒரே நாத்தம்" என்றார் கணவர். அக்கா சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை. தட்டை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். பெற்ற பிள்ளை என்றால் மூக்கைப் பிடித்து ஊட்டலாம். கட்டினவரை என்ன செய்வது? சண்டை போட்டேன், கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன். தக்காளிக்காய்க் கூட்டும் சோறுமாகவே போயிற்று. ஜன்னல் பக்கம் போவதும் நின்றுபோனது.

நங்கையா தினமும் போன் செய்து, "பத்தியம் தவறலையே?" என்று என்னிடம் விசாரிப்பார். தம்பி எழுந்து நிற்கிறானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மாதம் திரும்புவதற்குள் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் முழங்கால் மடங்கி விழுந்தார். டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, இருந்ததும் போய்விட்டது, இனிமேல் தானாக எழுவது சிரமம் என்றார். சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாளே நங்கையா வந்தார். தம்பியின் காலைத் தடவித் தடவி அழுதார். அது பொய் அழுகை என்று நான் சொல்ல மாட்டேன். அழுது முடித்துவிட்டு, "மருந்து பொய்க்காது சாமி. பத்தியம் முறிஞ்சிருக்கோணும்" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

இத்தனை நாள் தூக்கி, துடைத்து, மடியில் போட்டுப் பார்த்தவள் நான். எனக்காகக் கணவர் ஒரு சொல் சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரும் என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, எனக்குத் தெரியாம சோத்துல முட்டையக் கலந்தியா?"