மூக்கக்காவின் கட்டைவிரல்

வலது கட்டைவிரல் போய்ப் போய் வருகிறது. பழைய ரேடியோவிலிருந்து கழன்ற பழுப்புக் குமிழ் ஒன்று இடது உள்ளங்கையில் இருக்கிறது. அதில் ஒரே இடத்தை விடாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கண் இந்த வேலையில் இல்லை; எதிரே பீங்கான் கடைக்காரர் யாரோடோ வாக்குவாதத்தில் இறங்கியிருப்பதை வேடிக்கை பார்க்கிறது. குமிழ் சூடாகி, விரலும் சூடாகி, தோல் லேசாக ஒட்டத் தொடங்கியதும் நிறுத்துகிறார். குமிழை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரே இழுப்பு.

"அசல்தான். எடுத்துட்டுப் போங்க. நம்மளைவிட அது அதிக நாள் இருக்கும்."

வாங்க வந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. இந்தச் சந்தையில் அந்த மூக்கின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் வைத்த பெயர்தான் மூக்கக்கா. அவர் கேலியாகத்தான் வைத்தார்; அது மரியாதையாகவே நிலைத்துவிட்டது.

வாரநாட்களில் கார்கள் நிற்கும் அடுக்குமாடியின் தரைத்தளம், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தையாகிவிடும். வெள்ளைக் கோடு போட்ட இரண்டு கார்களுக்கான இடம்தான் மூக்கக்காவின் கடை. மடக்கு மேசை, அதன்மேல் கறுப்புத் துணி, துணிமேல் எல்லாமே பிளாஸ்டிக். டயல் வைத்த கறுப்புத் தொலைபேசிகள், வட்டச் சுவர் சுவிட்சுகள், வளைந்த முதுகுள்ள ரேடியோப் பெட்டிகள், சாம்பல் கிண்ணங்கள், ஆமை ஓடு போலக் கோடு விழுந்த சீப்புகள், டப்பா டப்பாவாகப் பொத்தான்கள். முன்வரிசையில் வளையல்கள், தக்காளிச் சிவப்பு, பாசிப்பச்சை, தேன் நிறம்.

"பிளாஸ்டிக்கையா காசு குடுத்து வாங்கறாங்க?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. மூக்கக்காவுக்குக் கோபம் வராது. ஒரு பழைய சுவிட்சை எடுத்து அவர்கள் கையில் வைப்பார்.

"போட்டுப் போட்டு அணைங்க."

டொக். டொக்.

"எப்படி இருக்கு? தெரிஞ்சவங்க கை குடுத்த மாதிரி இல்ல? பிளாஸ்டிக்னா மலிவுன்னு பிளாஸ்டிக்குக்கே தெரியாத காலத்துல செஞ்சது. நகை செய்யற மாதிரி பாத்துப் பாத்து செஞ்சிருக்கான்."

கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்று டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் எந்தச் சுவரிலும் மாட்ட முடியாது என்று தெரிந்தே வாங்கிக்கொண்டு போவார்கள்.

மூக்கக்கா இளவயதில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். வேலை முடியும்போது ரிசீவர் காதோடு சேர்ந்து சூடாகியிருக்கும். அந்தச் சூட்டில் ஒரு வாசனை வரும். "வீட்டுக்குப் போய்த் தலை குளிச்சாலும் போகாது. கல்யாணமான புதுசுல இவர் கேப்பாரு, என்னம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தியான்னு." இணைப்பகத்தில் கருவிகளை மாற்றியபோது கறுப்புத் தொலைபேசிகளை மூலையில் குவித்துவிட்டார்கள். கேட்டு வாங்கி ஒன்றைத் தூக்கிவந்தார். வீட்டுக்கு வந்து தேய்த்துப் பார்த்தார். வாசனை அப்படியே இருந்தது. வியாபாரம் அங்கே பிறந்தது.

தொழிலின் சூத்திரம் எளிமையானது. தேய்த்துச் சூடேற்றினால் பழைய பிளாஸ்டிக் வாயைத் திறந்துவிடும். கறுப்புத் தொலைபேசிகளை வார்த்த பேக்கலைட் என்றால் ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்து வாசனை. செல்லுலாய்டுச் சீப்பு என்றால் கற்பூரம். பாலிலிருந்து செய்த பழங்காலப் பொத்தான் என்றால் தீய்ந்த பால். நேற்று வார்த்த நகல் என்ன தேய்த்தாலும் வாய் திறக்காது. நகல்கள் இப்போது கனமாகவே வருகின்றன, பழசு போல மஞ்சளேறியும் வருகின்றன. "கண்ணை ஏமாத்திருவான், கையை ஏமாத்திருவான். மூக்கை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல" என்பது மூக்கக்கா எல்லோரிடமும் சொல்லும் வசனம்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஊருக்கே வந்த காய்ச்சல்தான். படுத்தார், எழுந்தார், கஞ்சி குடித்தார், சந்தைக்கு வந்தார். மூக்கு மட்டும் எழுந்து வரவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அவர் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர்; மனைவியின் சரக்கு மொத்தத்துக்கும் அவர் வைத்திருந்த ஒரே பெயர் ஓட்டை உடைசல். ஒருநாள் வெளியே போய்விட்டு மாடிப்படி ஏறும்போதே கருகல் வாசனை அவர் மூக்கைத் துளைத்தது. உள்ளே அடுப்பில் பால் தீய்ந்துபோய்ப் புகைந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கக்கா நிதானமாக ஒரு தொலைபேசிக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்.

"பால் தீயுது, தெரியலையா?"

"கவனிக்கல."

அவர் அதோடு விடவில்லை. பழுதான இயந்திரம் ஒன்று கண்ணில் பட்டால் சோதிக்காமல் இருக்க அவரால் முடியாது. அன்று சாயந்திரம் கழற்றிய சாக்ஸைக் கொண்டுவந்து, மனைவி வார இதழ் படித்துக்கொண்டிருந்த நாற்காலியின் கைப்பிடியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மூக்கக்கா இதழை முழுதாகப் படித்து முடித்தார்.

"முப்பது வருஷமா நீ வாசப்படி தாண்ட விடாத சாக்ஸ் அது," என்றார் கணவர். "அதையே தாங்கிட்ட. எவ்வளவு நாளா?"

மூக்கக்கா அழவில்லை. சாக்ஸை இரண்டு விரலால் எடுத்துத் துணிக் கூடையில் போட்டுவிட்டு வந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

"நான் வேணா கடைக்கு வர்றேனே. நீ தேய், நான் மோந்து சொல்றேன்."

"ஆமா. சந்தையே என் மூக்கை நம்பி வருது. புருஷன் மூக்கை வாடகைக்கு எடுத்திருக்கேன்னு போர்டு வெச்சுக்கறேன்."

ஆனால் மறுநாள் கணவர் சமையலறையில் நின்று ஒரு சுவிட்சைத் தேய்த்து முகர்ந்துகொண்டிருப்பதை மூக்கக்கா பார்த்தார். என்ன என்று கேட்டால், தூசி துடைத்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போரடிக்கிறது என்று சொல்லி மடக்கு நாற்காலியும் செய்தித்தாளுமாகச் சந்தைக்கும் வந்துவிட்டார். மூக்கக்கா அவரைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார். "அத்தானை ஏன்க்கா மறைச்சு வெக்கறீங்க, அவரும் விக்கறதுக்கா?" என்று கடிகாரக்காரர் கேட்டார். "அசலான்னு இன்னும் பாக்கல" என்றார் மூக்கக்கா.

அப்படியே மாதங்கள் ஓடின. வழக்கம்போலத் தேய்த்தார், கண்ணை மூடினார், இழுத்தார். உள்ளே ஒன்றும் வரவில்லை. கனத்தையும், தட்டினால் வரும் ஓசையையும், அச்சில் வார்த்த கோடு ஓரத்தில் தெரிகிறதா என்பதையும் வைத்துத்தான் தீர்ப்புகள் வந்தன. சந்தேகம் வந்தால், "இன்னிக்குச் சளி, அடுத்த வாரம் கொண்டாங்க." தீர்ப்புகள் தெரிந்தவரை சரியாகவே இருந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று ஒரு நர்ஸிடம் போனது; மூக்கக்காவின் நெடுநாள் வாடிக்கையாளர். ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டும் பிரிவு. சம்பளம் வந்த வாரம் சீருடையை மாற்றாமலே ஓடிவந்து ஒரு வளையல் வாங்கிப் போவார். வேலை நேரத்தில் கையில் எதுவும் போடக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவைத்து, வந்ததும் கலகலவென்று அள்ளிப் போட்டுக்கொள்வாராம். அவர் போன மாதம் எடுத்தது தேன் நிறத்தில் பூ செதுக்கிய அகல வளையல். மூக்கக்கா தேய்த்தார், கண்ணை மூடினார், அசல் என்றார்.

இந்த ஞாயிறு நர்ஸ் வந்தார். முகம் சரியில்லை. வளையலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்தார். மூக்கக்காவின் விரல்கள் மேசைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி இதைச் சுடுதண்ணியில போட்டு எடுத்து மோந்து பாத்தேன். ஒரு வாசனையும் வரல. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். சுத்தமா இல்ல."

கடிகாரக்காரர் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார். தூணுக்குப் பின்னால் செய்தித்தாள் அசையவில்லை.

"அப்பதான் புரிஞ்சுது," என்று நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "என் மூக்கு போயிருச்சுக்கா. இந்தக் காய்ச்சலுக்கப்புறம் நிறைய பேருக்குப் போகுதுல்ல. நேத்து ஒரு பெரியவரோட கட்டைப் பிரிச்சேன். புண்ணுல வாசனை வருதா இல்லையான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு. எங்க வேலையில பாதி மூக்குதான்க்கா. நாளைக்குப் போய் வேற பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. நீங்க ஒருவாட்டி மோந்து சொல்லிடுங்க. வாசனை வருதுன்னு சொன்னீங்கன்னா, போனது என் மூக்குதான்னு முடிவு பண்ணிடுவேன்."

வளையலை நீட்டினார்.

மூக்கக்கா வாங்கினார். எடை சரியாகத்தான் இருந்தது. நகத்தால் தட்டினார். ஓசையும் சரிதான். விரல் பழக்கத்தில் தேய்க்கத் தொடங்கியது; நர்ஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் சூடாயிற்று. எல்லோரும் காத்திருந்த அந்த இழுப்பு வரவில்லை. மூக்கக்கா வளையலை மேசையில் வைத்துவிட்டார்.

அவர் இடது மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் கறுப்புப் பேக்கலைட் வளையல் ஒன்று உண்டு. விற்பனைக்கு இல்லாத ஒரே சரக்கு. கழற்றாமலே அதை வேகமாகத் தேய்த்தார். தேய்த்த கட்டைவிரலைக் கொண்டுபோய் நர்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நர்ஸ் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐய, எங்க வார்டு வாசனை."

"நல்லா வருதா?"

"குப்புனு வருதுக்கா."

"அப்ப உன் மூக்குக்கு ஒண்ணுமில்ல. எந்தப் பிரிவுக்கும் மாற வேண்டாம்." மூக்கக்கா தேன் நிற வளையலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது நகல். போனது என் மூக்கு. மழைக்காலத்துலயே போச்சு. சும்மா கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தூண்கள் நிறைந்த இடம்; சொன்னது அடுத்த கடைவரை போயிற்று. நர்ஸ் தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் வேலை ஞாபகம் வந்தவராக, "டாக்டரைப் பாத்தீங்களா? தினம் காலையில காப்பித்தூள், கிராம்பு எல்லாம் மோந்து பழக்கணும்க்கா, சிலருக்கு மெதுவா வரும்" என்று பட்டியல் போட ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுல சாக்ஸ்லயே ஆரம்பிச்சாச்சு," என்றார் மூக்கக்கா.

கடிகாரக்காரர்தான் நேரடியாகக் கேட்டார். "அப்ப போன மாசம் என் டைம்பீஸ் பெட்டியைப் பாத்துச் சொன்னீங்களே, அது?"

"அது தட்டிப் பாத்துச் சொன்னது. திரும்பக் கொண்டா, சரியாப் பாத்துடலாம்."

"எந்த மூக்கை வெச்சு?"

மூக்கக்கா மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினார். ஒரு தொலைபேசியை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். நர்ஸும் போகாமல் நின்றார்.

இது எதுவும் தெரியாத ஒரு பெண்மணி, கடைசி வரிசையில் வாங்கிய கறுப்பு டார்ச் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "மூக்கக்கா நீங்கதானே? இது அசலான்னு உங்ககிட்டதான் கேக்கச் சொன்னாங்க."

மூக்கக்கா டார்ச்சை வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் போய்ப் போய் வந்தது. கண் வழக்கம்போல எதிரே பீங்கான் கடைக்குப் போய்விட்டது; அங்கே வாக்குவாதம் முடிந்து சிரிப்பு நடந்துகொண்டிருந்தது. விரல் சூடாகி, தோல் ஒட்டத் தொடங்கியதும் நிறுத்தினார். கை பாதி வழி தன் மூக்கை நோக்கியே உயர்ந்தது. அங்கே நின்றது. பிறகு சந்தையே பார்க்க, தொலைபேசி வரிசைக்கு மேலாக வளைந்து தூணைச் சுற்றிப் போய், செய்தித்தாளைத் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த மூக்குக்குக் கீழே அந்தக் கட்டைவிரலை நீட்டியது.

லிஃப்ட் மெக்கானிக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.