நெல் மூட்டையில் காய்ந்த லேப்டாப்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் லேப்டாப் பழுது பார்க்கிறார் கிளாட்சன். வாடிக்கையாளர்களுக்கு அவரிடம் ஒரே குறைதான்: மனிதர் அவசரப்படவே மாட்டார். ஸ்கிரீன் வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்று பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்கு முதலில் ஒரு நாற்காலி கிடைக்கும். பிறகு ஒரு பிரசங்கம். அப்பா லுத்தரன் சபையில் உபதேசியாராக இருந்தவர். பிரசங்கத்துக்குக் கேட்கவா வேண்டும்?

"ராம்ங்கிறது மேசைங்க. ஹார்ட் டிஸ்க் அலமாரி. மேசை ஆடுறப்ப அலமாரியத் தொறந்தா, எடுத்து வெக்கிறதெல்லாம் செதறிப் போயிரும். மொதல்ல மேசையப் பாக்கணும்."

ராம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்ப்பார். அது செருகும் இடத்தைப் பிரஷ்ஷால் துடைப்பார். பிறகு ஒவ்வோர் அட்டையாகப் போட்டுச் சோதனையை ஓட விடுவார். ஆறு மணி நேரமோ, எட்டு மணி நேரமோ, அது முடிகிறவரை உள்ளே இருக்கிற எதையும் தொட மாட்டார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அந்த விதியை அவர் மீறியது ஒரே ஒரு தடவை.

அது போன கார்த்திகையில், மழை சற்று விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை. பேராவூரணிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை ஊரிலிருந்து கனிமொழி என்ற பெண்ணும் அவள் அப்பா இராஜாங்கமும் வந்தார்கள். இராஜாங்கம் ஒரு காலத்தில் பண்ணை வேலைக்குப் போனவர். இப்போது சொந்தமாக மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர், நிலம் வைத்திருக்கிறார். மகள் ஆராய்ச்சி மாணவி. கடைமடை ஊர்களின் போர்க் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்பதுதான் ஆய்வு. நூற்றுப்பத்துக் கிணறுகளுக்கு மூன்று வருடம், மாதம் தவறாமல் ஸ்கூட்டியில் போய்த் தண்ணீரை அளந்திருக்கிறாள். முதல் இரண்டு வருடத்து அளவுகள் நோட்டில் இருந்தன. மூன்றாம் வருடம், எதற்கு இரண்டு வேலை என்று நேரே லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள். வேறு பிரதி கிடையாது. ஆய்வேட்டைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மகள் வெளியூர் போயிருந்தபோது ஓடு ஒழுகி லேப்டாப் நனைந்திருக்கிறது. செல்போன் நனைந்தால் அரிசியில் போடு என்று ஊரே சொல்கிறது அல்லவா? இராஜாங்கம் அதற்கும் ஒரு படி மேலே யோசித்தார். சாமான் பெரிது, வீட்டில் இருக்கிற அரிசி காணாது. விதைநெல் மூட்டையைப் பிரித்து, உள்ளே புதைத்து, இரண்டு நாள் வைத்துவிட்டார்.

கிளாட்சன் அடிமூடியைக் கழற்றியதும் நெல் சுணை பறந்தது. ராம் செருகும் இடமெல்லாம் பதரும் தூசியும். அவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது.

"என் சாமானத் தொடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?" என்றாள் கனிமொழி.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா..." என்றார் இராஜாங்கம்.

அதன் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை.

சுணையைத் துடைத்து, ரப்பரால் தேய்த்துப் போட்டதும் லேப்டாப் உயிர் பெற்றது. பத்து நிமிடத்தில் திரை நீலமாகி நின்றுபோனது. மறுபடி போட்டால், டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. அந்த இடத்தில் டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பிரதி எடுத்திருக்க வேண்டும். ராமைச் சோதித்திருக்க வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இன்னிக்கே வேணும் சார். இன்னும் பைண்டிங் போடணும், கையெழுத்து வாங்கணும். இத விட்டா ஒண்ணும் இல்ல சார்" என்று அந்தப் பெண் அழுதாள். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்துப் பதறினார். சரிசெய் என்று பொத்தானை அழுத்திவிட்டார்.

முக்கால் மணி நேரம் ஓடியது. முடிந்து திறந்தபோது கோப்புகளின் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. கனிமொழி ஒன்றைத் திறந்தாள். வரி வரியாக அர்த்தமில்லாத குறிகள்.

"வெச்சுட்டுப் போம்மா. திங்கக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்றேன்" என்றார் கிளாட்சன்.

அவர்கள் போனதும் சோதனையை ஓட விட்டார். மூன்றாவது நிமிடமே திரை சிவந்தது. இரண்டு அட்டையில் ஒன்று கெட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் டிஸ்க்கைத் திருத்தச் சொல்லியிருக்கிறார். அட்டை கெட்டது மழையாலோ, நெல்லாலோ, வயதாலோ இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் அளவுகள் கடைக்கு வந்தபோது முழுசாக இருந்தன. அவற்றை அழித்தது கிளாட்சனின் விரல்.

இரண்டு நாள் டிஸ்க்கோடு மல்லுக்கட்டினார். ஆய்வேட்டின் சில பக்கங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. மூன்றாம் வருடத்தில் ஒரு கிணறுகூடத் திரும்பி வரவில்லை.

மனைவி சான்ட்ராவிடம் சொன்னார். "நெல்லுல போட்டது அவங்க. நீங்களா எதுக்கு வாயக் குடுக்குறீங்க? கடை பேரு கெட்டுப் போயிரும்" என்றாள் அவள். கெட்டவள் இல்லை, யார் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருக்குப் பாட வாய் வரவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் யாருடையது, பழி யார் தலையில் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தத் தெரிதல் அவரை அரித்தது.

திங்கட்கிழமை இராஜாங்கம் முதலில் படியேறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நாலு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல சார். சோறு போடுது, பேச மாட்டேங்குது" என்றார் மெதுவாக. பின்னாலேயே கனிமொழி வந்துவிட்டாள்.

கிளாட்சன் மென்று விழுங்கவில்லை. "போயிருச்சும்மா. மூணாவது வருஷத்து அளவு ஒண்ணுகூட வரல. ஆனா அப்பா மேல தப்பு இல்ல. நீங்க கொண்டாந்தப்ப எல்லாம் பத்திரமா இருந்துச்சு. ராமப் பாக்காம டிஸ்க்கத் திருத்தப் போட்டேன். நாந்தான் கெடுத்தேன்."

நீ அழுததால்தானே என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

இராஜாங்கம் பதறிப்போனார். "வேணாம் சார். எம்மேல பழி வரக் கூடாதுன்னு ஒங்க தலையில இழுத்துப் போட்டுக்கிறீங்க. பொதைச்சு வெச்சது நாந்தான சார்?"

"இல்லண்ணே, நெசமாத்தான் சொல்றேன்."

"பாத்தியா பாப்பா, எப்பேர்ப்பட்ட மனுசன்னு பாரு!" இரண்டு கையாலும் கிளாட்சனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கையை உருவிக்கொள்ள கிளாட்சனுக்குத் தெரியவில்லை.

கனிமொழி அழவில்லை. "டிஸ்க்கக் கழட்டி மொதல்ல காப்பி எடுத்திருக்கலாம்ல சார்?" என்று கேட்டாள்.

"எடுத்திருக்கலாம்மா."

"எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அரை மணி நேரம்."

அவள் லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள்.

"வாங்கப்பா, போலாம்."

நான்கு நாளைக்குப் பிறகு வந்த வார்த்தை. இராஜாங்கம் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பி, மேலே பார்த்து, பையோடு சேர்த்துக் கைகூப்பினார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.