வாய்க்காலின் எட்டுக் காலண்டர்கள்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். ஆனால் வாய்க்கால் பாலத்தில் கால் வைத்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். நான் வேலை செய்யும் கடை விட்டதும் என்னைக் கூட்டிப்போக வருவார். தெரு முழுக்க ஒரு வார்த்தை இருக்காது. பாலம் வந்ததும் குழாயில் வாஷர் தேய்ந்துவிட்டது என்பார், பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி மீசை வைத்திருக்கிறார் என்பார். பாலத்தின் மறுமுனையில் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். மீசைக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுக்கு வந்து கேட்டால், "எந்த மீசை?" என்பார்.

பதினேழு வருடங்களாக இதைப் பார்த்து வருகிறேன். வாய்க்கால் நாற்றத்தை மறக்கப் பேசுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பேசும்போது நான் கேட்பதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு சாய ஆலையின் குடியிருப்பில் இருக்கிறது. ஒரு அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போடும் இடம். அவருக்கு ஆலையில் கழிவுத்தொட்டி வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். முன்பு ஒரு தடவை அமிலம் சிந்தி மூன்று பேருக்குக் காயம் பட்டபோது, மூடியைச் சரியாகப் போடவில்லை என்று ஒரு தொழிலாளி மேல் பழியைப் போட்டார்கள். அவர் குடும்பம் மூன்றாம் நாள் வீட்டைக் காலி செய்தது. அவர்கள் கட்டிலை வண்டியில் ஏற்றும்போது எல்லா வீட்டுச் சன்னலும் சாத்தியிருந்தது. எங்கள் வீட்டுச் சன்னலும்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டில் நிறுத்தியபோது நான் அழவில்லை. இனி யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதிதான். இப்போது நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அங்கே பேச வேண்டியதில்லை. எத்தனை காப்பி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, அவ்வளவுதான். ஊரில் யார் மேல் யார் புகார் கொடுக்கிறார்கள் என்பது நகராட்சித் தலைவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்துப்போடும் நேரத்துக்குள் படித்துவிடுவேன். வெளியே சொன்னதில்லை. கடை முதலாளி என்னைப் பற்றி, "இந்த அம்மா வாயும் நம்ம பழைய மெஷினும் ஒண்ணு. தட்டினாதான் திறக்கும்" என்பார்.

ஆலை வருடா வருடம் காலண்டர் கொடுக்கும். ஊரில் பாதி வீட்டில் அதுதான் தொங்கும். மேலே ஆலையின் படம், அதைச் சுற்றி இல்லாத மரங்கள், கீழே "பசுமையே எங்கள் பெருமை". ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டங்களில் நான் வாய்க்காலின் நிறத்தைப் பொட்டாக வைக்க ஆரம்பித்தேன். காலையில் கடைக்குப் போகும்போது பார்த்து வைத்துக்கொண்டு, மாலையில் வந்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஏதாவது ஒரு பென்சிலால் வைப்பேன். சாதாரணத் தண்ணீராக இருந்தால் கட்டம் வெறுமனே இருக்கும். எதற்காக ஆரம்பித்தேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் தண்ணீர் ரத்தம் மாதிரி ஓடியது. பாலத்தில் போன அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. சமையலறையில் அடுப்புக்கு எதிரிலேயே தொங்கியது. அவர் ஒரு நாளும் அது என்ன என்று கேட்டதில்லை.

எட்டாவது காலண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது நூலகத்து அக்கா கடைக்கு வந்தார். நூலகத்தில் வேலை, நெற்றி முழுக்கக் கோபம். வாய்க்காலுக்காகச் சங்கம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். கொண்டுவந்த மனுவில், 'வாய்க்கால் நீர் அடிக்கடி நிறம் மாறுகிறது' என்று இருந்தது. காப்பி எடுத்துக்கொண்டே என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"அடிக்கடின்னு எழுதாதீங்கக்கா. போன மாசம் பதிமூணு நாள்."

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படிச் சொல்ற?"

"எழுதி வச்சிருக்கேன்."

"எத்தனை மாசமா?"

"எட்டு வருஷமா."

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி தலையை நீட்டி, "என்ன, மெஷின் பேசிடுச்சா?" என்றார்.

அன்றிலிருந்து நானும் சங்கம். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவேன். நோட்டீஸை மடித்துக் கொடுப்பேன். வாய்க்கால் ஓரம் நெகிழிப்பை பொறுக்கும் நாளில் கூடப் போவேன். மனு மேல் மனு போட்டதில், நகராட்சியில் ஆலையையும் சங்கத்தையும் வைத்து ஒரு விசாரணைக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டையும் திங்கக்கிழமை கொண்டுவா. உன் பேரு வெளிய வராது, அது என் பொறுப்பு. இதை மேசையில போட்டா அவனுங்க மூஞ்சியில ஈயாடாது பாரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம். அது இரவு ஷிஃப்ட் வாரம். அவர் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். காலண்டர் தாள்களைக் கட்டி எடுத்துப்போவதற்காகச் சமையலறைத் தரையில் மாதவாரியாகப் பரப்பினேன். பரணில் கயிறு எடுக்க ஸ்டூலில் ஏறிக் கீழே பார்த்தேன்.

கோடுகள் தெரிந்தன. ஒரு வரிசை பொட்டு, அடுத்த வரிசை வெற்று. மறுபடி பொட்டு, மறுபடி வெற்று. எட்டு வருடமும் அப்படியே, கோடு போட்ட படுக்கை விரிப்பு மாதிரி.

ஸ்டூலிலேயே நின்றேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் நான் பகலில் பாத்திரத்தை ஓசைப்படாமல் வைக்கிறேன். நடப்பு மாதத்தைப் பார்த்தேன். இந்த வாரம் பொட்டு. போன வாரம் வெற்று. அதற்கு முந்தின வாரம், அவருக்குக் காய்ச்சல் வந்தும் இரவு ஷிஃப்ட்டுக்குப் போன வாரம், பொட்டு.

பொட்டு விழுந்ததெல்லாம் கழிவுத்தொட்டியில் அவர் இரவு ஷிஃப்ட் பார்த்த வாரம். ஊரையே கவனித்தவள் என் வீட்டுக் கட்டிலைக் கவனிக்கவில்லை.

அக்காவுக்கு இது தெரிய ஒரு நிமிடம் போதும். ஆலைக்கு அதுகூட வேண்டாம். 'ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு' என்று சொல்லிவிட்டு அவரைக் கைகாட்டுவார்கள். மூன்றாம் நாள் எங்கள் கட்டில் வண்டியில் ஏறும். காலண்டரைத் தர முடியாது என்று சொல்லலாம். ஆனால் அக்கா ஊரெல்லாம் எட்டு வருடம் எட்டு வருடம் என்று சொல்லி வைத்திருந்தார். அவரிடம் ஏன் என்று சொல்லாமல் எப்படி மறுப்பது? சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கதவு இடுக்கில் அவர் கால் தெரிந்தது. குதிகால் வெடிப்பில் மஞ்சள் சாயம் ஏறியிருந்தது.

பென்சில் டப்பாவை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தேன். வெறும் வாரங்களில் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். எல்லா நாளும் வைக்கவில்லை. வாரத்துக்கு நான்கு, ஐந்து. கோடு மறைந்தால் போதும். பழைய பொட்டு மங்கியிருந்தது, புதியது பளிச்சென்று நின்றது. ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்து மங்கவைத்தேன். சிவப்புப் பென்சில் தீர்ந்துபோய் நீலத்தையே அதிகம் வைத்தேன். எட்டு வருடத்தில் ஒரு பொய்ப் பொட்டு வைக்காதவள், ஒரே மதியத்தில் எட்டு வருடத்தையும் முடித்தேன். அவர் எழுந்து வந்தபோது என் விரல்களைப் பார்த்தார். "டீ போடட்டுமா?" என்றேன். "ம்" என்றார்.

விசாரணைக் கூட்டத்தில் அறை நிறைந்திருந்தது. நான் கதவோரம் நின்றேன். நகராட்சித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, எல்லாரையும் பார்த்து ஒரே சிரிப்பு. ஆலை மேலாளர் ஒரு கோப்போடு ஓரமாக இருந்தார். அக்கா காலண்டர்களை மேசையில் வைத்து அரைமணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். தலைவரே இரண்டு முறை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கணம் நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்றுகூட நினைத்தேன்.

மேலாளர் அவசரமே படவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் முந்தைய காலண்டரில் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்த வாரம் நாலு நாள் நீலம்னு இருக்கு. சரிங்களா?"

"ஆமா," என்றார் அக்கா.

மேலாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவித் தலைவரிடம் கொடுத்தார். "இது கொதிகலன் சான்றிதழ். அந்த வாரத்தையும் சேர்த்து ஒன்பது நாள் கொதிகலன் பழுதாகி ஆலையே மூடிக் கிடந்தது. ஒரு சொட்டுச் சாயம் கரைக்கல."

அந்த நாட்களில் நான் ஊரில் இல்லை. தங்கைக்குப் பிரசவம் என்று போயிருந்தேன். பார்க்காததால் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அதையும் நிரப்பிவிட்டேன். ஆலை மூடியிருந்ததை அவர் எனக்குச் சொல்லியிருப்பார். பாலத்தில் சொல்லியிருப்பார்.

தலைவர் சான்றிதழைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "அப்போ ஆலை தூங்கினாலும் வாய்க்கால் கனவு கண்டு கலர் மாறுதுங்களா, நூலகத்தம்மா?"

அறை முழுக்கச் சிரித்தது. சங்கத்தில் இரண்டு பேர்கூடச் சிரித்தார்கள். "இதை எழுதினது யாருங்க? அவங்களைக் கூப்பிடுங்க, கேப்போம்," என்றார் மேலாளர்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார். ஒரு வார்த்தை போதும். 'நான்தான், பாதி பொய், மீதிப் பாதி சத்தியம்' என்று நான் சொல்லியிருக்கலாம். எந்தப் பாதி சத்தியம் என்று அடுத்துக் கேட்பார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த முறை அது கூச்சத்தால் இல்லை.

படிக்கட்டில் அக்கா காலண்டர் கட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா விழுந்திருக்கும்க்கா," என்றேன்.

"எட்டு வருஷத்துல ஒரே ஒரு வாரம்தான்டி தப்பு. அந்த ஒண்ணுலயா அவன் கை விழணும்?" அவர் கண் கலங்கியிருந்தது. "உன்னை நான் ஒண்ணும் சொல்லல. நீ போட்ட உழைப்பு யாரும் போடல."

அவர் திட்டியிருக்கலாம்.

அன்று மாலை பாலத்தில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாய் திறந்தார். வாஷரும் இல்லை, மீசையும் இல்லை.

"அந்த ஒரு வாரம் மட்டும் இல்லியே. பாதி நீயா வச்சது."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலண்டரைப் போன்ல படம் புடிச்சு வந்து ஆலைக்குள்ள எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சாங்க. நானும் பாத்தேன். தொட்டியைத் தொறக்காத நாள் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

கீழே தண்ணீர் தெளிந்திருந்தது. கரைக் கற்களில் மட்டும் காலைச் சாயம் ஒட்டியிருந்தது.

"உங்களை மட்டும் ஏங்க தொறக்கச் சொல்றாங்க? மத்த வாரம் ராத்திரிக்கு இன்னொருத்தரும் இருக்காரில்ல?"

"அவன்கிட்டயும் சொன்னாங்க. எழுத்துல குடுங்க, தொறக்கறேன்னான். அதோட அவனை விட்டுட்டாங்க." கொஞ்ச தூரம் நடந்தார். "நான் கேக்கல."

"இப்பக் கேட்டா என்ன?"

"பதினஞ்சு வருஷம் கழிச்சா? இத்தனை நாள் தொறந்தவன்தானேம்பாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ எனக்காகத்தான் வச்சே. தெரியுது. ஆனா அது உண்மையா இருந்தப்ப சமையக்கட்டுல பாக்க எனக்கு ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு. யாரோ ஒருத்தருக்காவது தெரியுதுன்னு."

பாலம் முடிந்தது. அவர் பேச்சும் முடிந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சங்கம் பெயரளவுக்கு இருக்கிறது, மரக்கன்று கொடுக்கிறார்கள். தலைவர் மறுபடி ஜெயித்தார். வாய்க்காலுக்காக ஏதாவது செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், செய்தார். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்து, 'பொதுமக்கள் பாதுகாப்புக்காக' என்று பலகை வைத்திருக்கிறார். நடந்து போகிறவர்களுக்கு இப்போது தண்ணீர் தெரிவதில்லை. நன்றி தெரிவித்து ஒரு தெருவே கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு நான்தான் ஐந்து காப்பி எடுத்தேன். நூலகத்து அக்கா இன்னமும் கடைக்கு வருகிறார். எனக்குப் புத்தகம் கொண்டுவந்து தருகிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய எட்டும் பரணில் இருக்கின்றன. எது மெய், எது பொய் என்று பிரிக்க எங்கள் இருவரால்தான் முடியும். புதுக் காலண்டர் அடுப்புக்கு எதிரில் தொங்குகிறது. மூன்றாவது தகரத்தில் ஆணி பெயர்ந்த ஓட்டை ஒன்று இருக்கிறது. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தால் தண்ணீர் தெரியும். இன்று காலை மஞ்சள். அவருக்கு இது இரவு ஷிஃப்ட் வாரம்.