வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

மலேசியாவில், சுங்கை வே வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் எண்ணூறு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களை மேய்க்கப் பதினொரு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். பதினொரு பேரும் ஆண்கள். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதுகூட இல்லை.

சந்திரகலா அங்கே சேர்ந்தது 1974இல். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறுவாள். ஐந்தே வருஷத்தில் லைன் லீடர் ஆனாள். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். லீடர் என்றால் நாற்பது பெண்களோடு நின்று வேலை செய்துகொண்டே, அவர்கள் தப்புக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறவள். அதற்கு மேல் பெண்ணுக்குப் படி கிடையாது. புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவள்தான். மூன்று பேர் அவளிடம் கற்றுக்கொண்டு, நாலாம் மாதமே அவளை அதட்டினார்கள்.

எண்பத்தாறில், பெண்களில் ஒருவரைச் சூப்பர்வைசராக்கலாம் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. எல்லார் வாயிலும் சந்திரகலா பெயர்தான். அவளுக்கும் அந்த ஆசை மனம் நிறைய இருந்தது. கணவன் பாலனிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவிட்டாள்.

"கொடுத்தா எடுத்துக்கோ லா. பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்," என்றான் அவன். நல்ல மனுஷன்.

ஆள் எடுக்கும் அதிகாரி நாகையா அவளைக் கூப்பிட்டார்.

"வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட் வரும். சம்மதமாம்மா?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பெரியவர்கள் ஒன்றைக் கொடுக்கும்போது பொசுக்கென்று சரி என்பது அவள் வளர்ந்த வீட்டில் மரியாதை இல்லை. ஏலச்சீட்டில் சேரச் சொன்னாலும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வாய்ப்பழக்கமாக வருகிற வார்த்தைதான் அன்றும் வந்தது.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன் சார்."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். மறுநாள் காலை சம்மதம் சொல்லப் போனபோது இடம் போய்விட்டிருந்தது.

"குடும்பப் பொண்ணு, எதுக்குச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்மா," என்றார்.

நாகையாவும் தமிழர்தான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவரா?

அந்த இடத்துக்கு வந்தவன் சோமசுந்தரம், இருபத்து நாலு வயது. அவனுக்கும் அவளே கற்றுக்கொடுத்தாள். மறு வருஷம் பினாங்குப் பயிற்சிக்குப் போகிறாயா என்று நாகையா அவனைக் கேட்டபோது அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன் சார்."

"கேட்டுட்டு வாப்பா, அவசரமில்ல."

ஒரு வாரம் காத்திருந்தார் மனுஷர்.

அதற்குப் பிறகு சந்திரகலா தனக்காக எதையும் எதிர்பார்க்கவில்லை. தன் லைனில் வளர்ந்த கெட்டிக்காரி லெட்சுமியாவது மேலே போகட்டும் என்று மட்டும் நினைத்தாள். தொண்ணூற்று நாலில் மறுபடியும் ஒரு பெண்ணைத் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், கேன்டீனில் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உன்னக் கூப்பிடுவாங்க. கேட்டவுடனே சரின்னு சொல்லிரு. யோசிக்கிற மாதிரிகூட நிக்காத."

லெட்சுமி டீயைக் கலக்கிக்கொண்டே சிரித்தாள். "காலையிலயே கூப்பிட்டுட்டாங்கக்கா."

"என்ன சொன்ன?"

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னேன்."

ஆபீசுக்கு ஓடு என்று சொல்ல சந்திரகலா எழுந்தாள். கேன்டீன் கண்ணாடிக்கு அப்பால் நாகையா ஒரு புது ஆம்பளையை அவள் லைனுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். வேலை கற்றுக்கொடுக்கச் சந்திரகலாவைத்தான் தேடினார்.